249 சுற்று, 700 டாலர்: நாஸ்கார் பந்தயத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

போன வாரம் வட கரோலினாவின் கேரி ஊரில் இருக்கும் எங்கள் நண்பர்கள் குழுவில் ஒருவர், "ஷார்லட் பக்கம் பெரிய கார் ரேஸ் நடக்குமாமே, ஒருமுறை போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது, கடைசியில் முழுதாகவே உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றிவிட்டது. அவர் கேட்டது நாஸ்காரை, அமெரிக்காவின் பிரபலமான கார் பந்தயத் தொடரை. போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள். 2024 மே 26ஆம் தேதி தனியாகக் கிளம்பிப் போய், பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுபோன ஒரு பந்தயத்தைப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய 700 டாலர் செலவழித்து, இரவு இரண்டு மணிவரை சேற்றில் நின்று, மூன்று நாள் தீராத காது இரைச்சலோடு வீடு திரும்பினேன். இதில் முக்கால்வாசி, யாராவது ஒருவர் பத்து நிமிடம் எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

நான் வளர்ந்தது கோயம்புத்தூரில். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர், நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர். அவர் 2010இல் அமெரிக்கா வந்து நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத் தொடரில் ஓட்டினார் என்பதே இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் பல வருடங்களாக நாஸ்கார் மேல் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நீள்வட்டத் தடம், எப்போதும் இடது பக்கமே திரும்புகிறார்கள், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மாற்றியது கைல் லார்சன். 2021 சாம்பியன், தாய்வழியில் ஜப்பானிய வம்சாவளி, எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுகிற மனிதர். அவர் 2024இல் ஒரே நாளில் இரண்டு பந்தயம் ஓட்டப் போவதாக அறிவித்தார்: மதியம் இண்டியானாபோலிஸில் 500 மைல், அங்கிருந்து விமானத்தில் பறந்து வந்து மாலையில் ஷார்லட்டில் 600 மைல். மொத்தம் 1,100 மைல். முயன்றவர்கள் சிலர் உண்டு, ஆனால் அத்தனை மைலையும் முழுதாக ஓட்டி முடித்தவர் டோனி ஸ்டூவர்ட் ஒருவர்தான், 2001இல். லார்சன் இண்டியானாபோலிஸிலிருந்து வந்து காரில் ஏறுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. கூட வருவதாக இருந்த நண்பருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். சரி, தனியாகவே போவோம் என்று முடிவு செய்தேன்.

முதல் தவறு டிக்கெட்டில். கடைசி வாரத்தில் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் தேடினேன். கிரிக்கெட்டோ கபடியோ, ஆட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருகிறோமோ அவ்வளவு நல்லது என்று பழகிய மனசு. அதனால் ஆறாவது வரிசையைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. 138 டாலர், கட்டணங்கள் என்று கடைசிப் பக்கத்தில் இன்னொரு 37. நீள்வட்டத் தடத்தில் இந்தக் கணக்கு நேர்தலைகீழ் என்பதை அங்கே போய் உட்கார்ந்ததும்தான் புரிந்துகொண்டேன். ஷார்லட் தடம் ஒரு சுற்று 1.5 மைல். கீழே உட்கார்ந்தால் எதிரே உயரமான கம்பிவேலி, அதற்குப் பின்னால் உள்வட்டத்தில் அணியணியாக நிற்கும் பெரிய லாரிகள். எதிர்ப்பக்க நேர்தடமும் மூன்றாவது வளைவும் பாதிக்குமேல் மறைந்துவிடும். கார்கள் நம் முன்னால் வரும்போது அவற்றை அடையாளம் காணவே முடியாது, இடமிருந்து வலமாகத் தலை திரும்பும் முன் ஒரு வண்ணக்கோடு போய்விடுகிறது, அவ்வளவுதான். கூடவே டயரிலிருந்து உரிந்த ரப்பர்த் துணுக்குகள் முகத்திலும் சட்டையிலும் வந்து விழுகின்றன. மேல் வரிசையில் இருப்பவர்களுக்கு முழுத் தடமும் உள்ளங்கை போலத் தெரியும். யார் யாரை எங்கே முந்துகிறார்கள் என்பது அங்கிருந்துதான் கண்ணில் படும். எனவே டிக்கெட் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண். முடிந்தவரை மேலே, ஒரே பட்ஜெட்டில் தேர்வு இருந்தால் எப்போதுமே மேலே. இன்னொன்று, இறுதித் தொகை தெரியும்வரை எந்த விலையையும் நம்ப வேண்டாம்.

கேரியிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்தால், தடம் இருக்கிற கான்கார்டுக்குச் சாதாரண நாளில் இரண்டேகால் மணி நேரம். பந்தய நாளில் 49ஆம் எண் வெளிவழிக்கு வந்து சேரும் முன்பே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. பந்தயம் மாலை ஆறு மணிக்கு மேல். நான் மதியம் இரண்டரைக்கு அங்கே இருந்தும், எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டித் திட்டமிடாததால் பதற்றத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒரு தனியார் நிலத்தில் 40 டாலர் கொடுத்து நிறுத்தினேன். புல்வெளி, கொஞ்சம் சரிவு, கீழ்க்கோடியில் இடம். அப்போது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சேறு என்ற வார்த்தையே மனதில் வரவில்லை. இந்தச் சரிவும் கீழ்க்கோடியும் பின்னால் வரும்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது மனசு நிறைந்திருந்ததை மறைக்க விரும்பவில்லை. 1960இல் திறந்த தடம். நாஸ்காரின் ஆகப்பெரிய தூரம் ஓடும் பந்தயம் அந்த வருடத்திலிருந்தே இங்கேதான் நடக்கிறது. வளைவுகள் 24 டிகிரி சாய்ந்திருக்கின்றன. படத்தில் பார்க்கும்போது அந்தச் சாய்வு கண்ணுக்குப் படுவதே இல்லை, நேரில் அது ஒரு சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. போரில் உயிரிழந்த படைவீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே வார இறுதி என்பதால், ஒவ்வொரு காரின் முன்கண்ணாடி மேலும் ஓட்டுநர் பெயருக்குப் பதிலாக மறைந்த ஒரு வீரரின் பெயர். எனக்குப் பக்கத்தில் தென் கரோலினாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. பல வருடமாக வருகிறவர்கள். அவர்கள் மடியில் பெரிய காதுக்கவசம், காலடியில் மென்துணிக் குளிர்ப்பை, பையின் பக்கவாட்டில் மடித்த மழை அங்கிகள். என்னிடம் ஒரு போன், ஒரு தண்ணீர்ப் பாட்டில். அந்த அம்மா என் கைகளைப் பார்த்துவிட்டு, "காதுக்கு ஒன்றும் கொண்டு வரவில்லையாப்பா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன்.

இண்டியானாபோலிஸில் மழையால் பந்தயம் நான்கு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. அதனால் ஷார்லட்டில் பச்சைக் கொடி விழும்போது லார்சன் இன்னும் அங்கேதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய 5ஆம் எண் காரை அவருக்குப் பதிலாக ஜஸ்டின் ஆல்கையர் என்ற ஓட்டுநர் ஓட்டத் தொடங்கினார். முதல் சுற்று. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காதில் விழும் சத்தம் இல்லை அது. நெஞ்சுக்கூட்டில் அடிக்கிறது, இருக்கை அதிர்கிறது, தொண்டைக்குள் ஏதோ நடுங்குகிறது. முதல் மூன்று நான்கு சுற்று என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். பத்தாவது சுற்றில் காதுக்குள் ஊசி குத்துவது போல இருந்தது. விரலால் அடைத்துக்கொண்டேன். இருபதாவது சுற்றில் இரண்டு உள்ளங்கையும் காதில். அறுபதைத் தாண்டியபோது எழுந்து கீழே போய் ஒரு கடையில் நுரைக் காதடைப்பான் வாங்கினேன். அதையும் அவசரத்தில் பாதி மட்டும் செருகிக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் திரும்ப வரும், காது வராது. பந்தயத்தில் பார்வையாளர் இடத்திலேயே சத்தம் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். தொழிற்சாலைகளில் காது பாதுகாப்புக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். இந்தப் பந்தயமோ நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நான் அறுபது சுற்று வெறும் காதோடு உட்கார்ந்திருந்தேன். நுரை அடைப்பானை வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். விரல்களுக்கிடையே நன்றாக உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். சும்மா செருகினால் பயன் இல்லை. அதற்கு மேல் தலையில் மாட்டும் கவசமும் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் அவர்கள் தலை அளவுக்கான கவசம் வாங்கி, ஒரு மணி நேரம் கழற்றாமல் போட்டுக்கொண்டிருப்பார்களா என்று முன்பே பாருங்கள். கழற்றிவிடுகிற வயது என்றால் இந்த வருடம் வேண்டாம், காத்திருக்கலாம்.

கவசத்துக்கு இன்னொரு பலனும் உண்டு, அதைப் பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் காட்டினார். அவர் மாட்டியிருந்தது வெறும் கவசம் இல்லை, ஸ்கேனரோடு இணைந்தது. ஓட்டுநருக்கும் அவருடைய அணிக்கும் நடக்கிற பேச்சு அதில் அப்படியே கேட்கிறது. எல்லாக் கார்களும் முந்தாமல் மெதுவாகச் சுற்ற வேண்டிய ஒரு மஞ்சள் கொடி நேரத்தில் கழற்றி என் காதில் வைத்தார். பார்வையாளர் மேடைக் கூரை மேல் நின்று முழுத் தடத்தையும் பார்த்துக்கொண்டு ஓட்டுநருக்குக் கண்ணாக இருப்பவரை ஸ்பாட்டர் என்பார்கள். உள்பக்கம் ஒரு கார், இன்னும் இருக்கிறது, சரி விலகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, மணிக்கு 180 மைலில் ஓட்டுகிறவர் அந்தக் குரலை மட்டும் நம்பிச் சுவரோரம் காரை நகர்த்துகிறார். அந்த இரண்டு நிமிடத்தில் பந்தயம் எனக்கு வேறாகிவிட்டது. இடது பக்கம் திரும்புவது மட்டும்தான் என்று நினைத்ததெல்லாம் போய்விட்டது. டயர் தேய்ந்துவிட்டது, பின்பக்கம் வழுக்குகிறது, வெளிச்சம் மங்கித் தடம் குளிரக் குளிரக் காரின் போக்கு மாறுகிறது, அடுத்த நிறுத்தத்தில் எதைச் சரிசெய்வது என்று ஓயாமல் பேசுகிறார்கள். நான்கு டயரும் மாற்றி எரிபொருளும் நிரப்பிப் பத்துப் பதினொரு விநாடியில் கார் வெளியே வந்துவிடுகிறது. இதையெல்லாம் அறியாமல் வெறுமனே பார்த்தால் இரண்டாவது மணி நேரத்தில் சலிப்பு வரும், அது உங்கள் தவறு இல்லை. ஸ்கேனரை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், அல்லது நாஸ்காரின் செயலியில் ஓட்டுநர் பேச்சைக் கேட்கலாம். ஆனால் அவ்வளவு கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. எனக்கு ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை.

மொத்தம் 400 சுற்று, நூறு நூறாக நான்கு கட்டம். 200ஆவது சுற்று முடிந்ததும் எல்லாக் கார்களும் டயர் மாற்ற நிற்கும் பிட் பாதையில் வரிசையாக வந்து நின்று இன்ஜின்களை அணைத்தன. அணிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. மறைந்த வீரர்களுக்காக அரை நிமிடம் மௌனம். அவ்வளவு பெரிய கூட்டம் மொத்தமும் எழுந்து தொப்பியைக் கழற்றி நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்டது, இரண்டு காதிலும் 'ங்' என்று ஒரு மெல்லிய, நிற்காத ஒலி. ஏதோ ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை என்று புரிந்ததும் வயிற்றைக் கலக்கியது. எழுந்து போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் லார்சன் வந்துகொண்டிருக்கிறார் என்று சுற்றிலும் பேசிக்கொண்டார்கள். காதடைப்பானை இன்னும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

249ஆவது சுற்றில் மழை. இரவு ஒன்பது மணியைத் தாண்டியிருந்தது. முதலில் மஞ்சள் கொடி, பிறகு பந்தயத்தையே நிறுத்தும் சிவப்பு. மேடையைக் காலி செய்து கீழே போகச் சொன்னார்கள். மின்னல் எட்டு மைலுக்குள் விழுந்தால் அரை மணி நேரம் எதுவும் நடக்காது, அதற்குள் இன்னொன்று விழுந்தால் அரை மணி மறுபடி முதலிலிருந்து. சரியாக அந்த நேரத்தில்தான் லார்சன் வந்து சேர்ந்திருக்கிறார். தலைக்கவசத்தோடு தன் பிட் அருகே தயாராக நிற்கிறார் என்று கூட்டத்தில் செய்தி பரவியதும் ஒரு ஆரவாரம் எழுந்தது பாருங்கள், நனைந்து ஒட்டிய சட்டையோடு நானும் கத்தினேன்.

மழையில் ஏன் ஓட்ட மாட்டார்கள் என்று ஊரிலிருந்து அக்கா பிறகு கேட்டாள். ஃபார்முலா ஒன்னில் ஓட்டுகிறார்களே என்பது அவள் கேள்வி. இந்தக் கார்களின் டயர் பள்ளமே இல்லாத வழவழப்பான ரப்பர். சாய்ந்த வளைவில் முழு வேகத்தில் போகும்போது தடத்தில் ஈரம் இருந்தால் நேராகச் சுவர்தான். குட்டித் தடங்களில் ஈர டயரை அண்மைக் காலமாகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஷார்லட் மாதிரி வேகத் தடங்களுக்கு அது இல்லை. மழை நின்ற பிறகும் உலர்த்தும் வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்து காற்றை அடித்துத் தடத்தைக் காயவைக்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு மணி நேர வேலை அது. ஈரப்பதம் அதிகமான இரவில் இன்னும் கூட ஆகும்.

டிக்கெட் எடுக்கும் முன் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இங்கே வருகிறது. பாதித் தூரம் முடிவதற்குள் மழை வந்து நிறுத்த வேண்டியிருந்தால் பந்தயம் பெரும்பாலும் அடுத்த நாளுக்குப் போகும், டிக்கெட் அதற்குச் செல்லும். 2023இல் இதே பந்தயம் அப்படித்தான் திங்கட்கிழமை நடந்தது, ரையன் பிளேனி ஜெயித்தார். பாதி முடிந்த பிறகு நின்றால், அதோடு முடித்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, முடிவு அதிகாரபூர்வமானது. முழுப் பந்தயத்தைப் பார்த்த கணக்குதான், பணம் திரும்ப வராது. எங்களுக்கு 249 முடிந்திருந்தது. மேடைக்கு அடியில் காங்கிரீட் தரையில் முதுகைச் சாய்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். மழை நின்றது, உலர்த்தும் வண்டிகள் ஓடின, திரும்பத் தொடங்கப் போகிறது என்று எல்லாரும் எழுந்து நின்றோம். பதினொன்றரை மணி வாக்கில், பந்தயம் முடிந்தது, கிறிஸ்டோபர் பெல் வெற்றி என்று அறிவித்தார்கள். லார்சன் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்து காரில் ஏறாமலே போன அந்த மனிதரை நினைத்து, எனக்கும் ஏதோ நெருங்கியவருக்கு நடந்தது போலத் தொண்டை அடைத்தது. பக்கத்துப் பெரியவர் என் தோளைத் தட்டி, "பழகிக்கொள், இது வானத்துக்குக் கீழே நடக்கிற விளையாட்டு" என்றார். அவர்களிடம் உபரியாக இருந்த மழை அங்கியை அந்த அம்மா எப்போதோ என் மேல் போர்த்தியிருந்தார். திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

வண்டியைத் தேடிப் போனேன். போன் பதினொரு மணிக்கே அணைந்துவிட்டது, எங்கே நிறுத்தினேன் என்று குறித்துவைத்த வரைபடம் அதற்குள் இருந்தது. ஒரே மாதிரியான நிலங்கள், ஒரே மாதிரியான கும்மிருட்டு. நாற்பது நிமிடம் நடந்தேன். தனியாக வந்திருப்பதன் பாரம் அப்போதுதான் தெரிந்தது. வண்டி எங்கே என்று சேர்ந்து யோசிக்க, பயமாக இருக்கிறது என்று சொல்ல, பக்கத்தில் ஒருவரும் இல்லை. கண்டுபிடித்து ஏறினால், இந்தப் பகுதியின் செம்மண் மழையில் களிமண்ணாகக் குழைந்து, கீழ்க்கோடியில் இருந்த என் சின்னக் கார் சக்கரம் சுழலச் சுழல உள்ளே இறங்கியது. நிலத்துக்காரர் யாரையும் காணோம். பிக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர் தள்ளிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரிடம் போன் வாங்கி இழுவை வண்டியை அழைத்தேன். கூட்ட நெரிசலைத் தாண்டி அது வந்து இழுத்து வெளியே விட்டபோது இரவு இரண்டு மணி. 190 டாலர். இரவே கேரிக்குத் திரும்பிவிடலாம் என்று அறை எடுக்காமல் வந்திருந்தேன், ஆனால் கண் சொருகியது, அந்த நிலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வடக்கே கன்னாபோலிஸில் ஒரு விடுதியில் மூன்று மணிக்குக் கதவைத் தட்டி 149 டாலருக்கு ஓர் அறை எடுத்துப் படுத்தேன். படுத்ததும் அறையின் அமைதியில் காது மறுபடி இரையத் தொடங்கியது.

கன்னாபோலிஸ், புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் சொந்த ஊர். 2001 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இறந்தாரே, அவர்தான். காலையில் ஊர் நடுவில் இருக்கும் அவருடைய வெண்கலச் சிலையைப் போய்ப் பார்த்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். அவ்வளவு சோர்விலும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. இரைச்சல் செவ்வாய்க்கிழமையும் நிற்காததால் பாதி நாள் விடுப்பு எடுத்துக் காது மருத்துவரிடம் போனேன், என் பங்குக்கு 60 டாலர். செவித்திறன் சோதனையில் உயர்ந்த சுருதியில் லேசான இறக்கம் இருந்தது. புதன் இரவு இரைச்சல் அடங்கியது, ஒரு மாதம் கழித்துச் செய்த சோதனையில் எல்லாம் சரியாகியிருந்தது. எப்போதும் இப்படித் திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகவே சொன்னார். சாப்பாட்டுக்கு 46, பெட்ரோல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 700 டாலர்.

இத்தனைக்குப் பிறகும் 2025 மே மாதம் மறுபடி போனேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு. இந்தமுறை வரிசை எண்ணைப் பார்த்து மேலே எடுத்தேன். கார் நிறுத்தியது தார் போட்ட இடத்தில், சாலையை ஒட்டி, கொஞ்சம் கூட நடந்தாலும் பரவாயில்லை என்று. நிறுத்தியதும் பக்கத்தில் இருந்த கம்பத்தின் எண்ணைப் பேனாவால் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து, ஞாயிறுக்கு மட்டும் இல்லாமல் திங்களுக்கும் எடுத்துவைத்தேன். மழையால் பந்தயம் தள்ளிப்போனால் தங்க வேண்டும், போகாவிட்டால் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முன் திங்களை ரத்து செய்துவிடலாம் என்பது அந்த விடுதியின் விதி. முன்பதிவு செய்யும்போது அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். குடையை மேடைக்குள் விடமாட்டார்கள், அதனால் மழை அங்கி இரண்டு. சாப்பாடும் தண்ணீரும் உள்ளே எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பொருள் மட்டும் கூடாது. மென்துணிக் குளிர்ப்பையில் தயிர்சாதம், மாவடு, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள். பை அளவு விதி வருடத்துக்கு வருடம் மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனுக்கு மின்சேமிப்பான், நுரை அடைப்பான், அதன் மேல் வாடகை ஸ்கேனர்க் கவசம். தனியாகப் போகிறவர்கள் இன்னும் ஒன்று செய்யுங்கள்: எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை மணிக்குள் பேசுவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்று மழை இல்லை. லார்சன் மறுபடி இரண்டு பந்தயமும் முயன்றார், இரண்டிலுமே விபத்தில் வெளியேறினார். அவருக்கு இன்னும் அந்த 1,100 மைல் வாய்க்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் பயிற்சியில் காரை இழந்து, அணியினர் இரவோடு இரவாகத் தயார் செய்த மாற்றுக் காரில் 40ஆவது இடத்திலிருந்து, அதாவது கடைசியிலிருந்து தொடங்கிய ராஸ் சாஸ்டெயின், ஆறு சுற்று மீதம் இருக்கும்போது முதலிடத்தில் இருந்த வில்லியம் பைரனை முந்தி ஜெயித்தார். மேல் வரிசையிலிருந்து அந்த முந்தல் முழுதாகத் தெரிந்தது, காதில் அவருடைய ஸ்பாட்டர் குரல். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாஸ்டெயின் தர்பூசணி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஜெயித்தால் ஒரு தர்பூசணியைத் தூக்கித் தரையில் போட்டு உடைப்பது வழக்கம். பழம் சிதறியதும் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. சத்தம் தணிந்துவிட்டதா என்று உறுதியாகத் தெரியாததால் நாங்கள் இரண்டு பேரும் கவசத்தைக் கழற்றாமலே கைதட்டிக்கொண்டிருந்தோம். பிறகு உடனே எழுந்து ஓடாமல் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, மீதி இருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம், கீழே வண்டிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறையும்வரை.